விருது வாங்கும் கதைகள் நம் தோட்டத்திலும் இருக்கின்றன

ரோட்டர்டாம் என்ற பெயரை மாணவர்கள் பலர் புவியியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். நெதர்லாந்து நாட்டின் துறைமுக நகரம். ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் வெட்டப்படும் செம்பனைக் குலைகள் ஆலைக்குப் போய் எண்ணெயாகிக் கப்பலேறினால், ஐரோப்பாவில் அந்த எண்ணெய் இறங்கும் பெரிய வாசல்களில் ஒன்று அந்த நகரம். நம் எண்ணெய் போய்ச் சேரும் ஊருக்கு நம் கதை ஏன் இன்னும் போய்ச் சேரவில்லை என்பதைப் பற்றித்தான் இன்று எழுத வந்தேன்.

கதை என்று நான் சொல்வது திரைப்படத்தை. ரோட்டர்டாம் அனைத்துலகத் திரைப்பட விழாவை 1972ஆம் ஆண்டில் ஹூபர்ட் பால்ஸ் என்பவர் தொடங்கினார். நட்சத்திரங்கள் சிவப்புக் கம்பளத்தில் நடப்பதைப் பார்க்க யாரும் அங்கே போவதில்லை. பெரிய நிறுவனத்தின் பணமோ புகழ்பெற்ற முகமோ இல்லாமல், இயக்குநர் தன் மனத்துக்குப் பட்டபடி எடுக்கும் படத்தைச் சுயாதீனத் திரைப்படம் என்கிறோம். அத்தகைய படங்களைத் தேடிப் பிடித்து உலகத்துக்குக் காட்டுவதில் பெயர் பெற்ற விழா அது. 1995 முதல் அங்கே வழங்கப்படும் முதன்மைப் பரிசு டைகர் விருது. நெடுங்காலம் தங்கள் முதல் படத்தையோ இரண்டாவது படத்தையோ எடுத்தவர்கள் மட்டுமே அந்தப் பரிசுக்குப் போட்டியிட முடிந்தது. ஊர் பேர் தெரியாத புதியவர்களுக்காகவே வைத்த பரிசு என்று சொல்லலாம்.

'ஓப்பன்ஹைமர்' பார்த்தவர்களுக்குக் கிறிஸ்டோபர் நோலனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய முதல் படமான 'ஃபாலோயிங்' 1999ஆம் ஆண்டில் இந்த டைகர் விருதை வென்றது. நடித்த நண்பர்களுக்கு வார நாள்களில் வேலை. ஆகவே சனிக்கிழமைகளில் மட்டும் படப்பிடிப்பு, கிட்டத்தட்ட ஓராண்டு. பிலிம் சுருள் விலை கட்டுப்படியாகாததால் ஒத்திகையைப் பலமுறை பார்த்துவிட்டு, கேமராவை ஒன்றிரண்டு முறை மட்டுமே ஓடவிட்டார்களாம். இன்று கைத்தொலைபேசியில் ஒரே காட்சியை முப்பது முறை எடுத்து, எது நல்லது என்று தெரியாமல் விழிக்கும் நம் தம்பிகளுக்கு அந்தச் சிக்கனத்தைக் கொஞ்சம் கடனாகக் கொடுக்கலாம்.

மலேசியாவும் அந்த மேடையில் ஏறியிருக்கிறது என்பது நம் மாணவர்கள் பலருக்குத் தெரியாது. 2007இல் டான் சுய் முய் இயக்கிய 'லவ் காங்கர்ஸ் ஆல்' டைகர் விருது பெற்ற படங்களில் ஒன்று. மறு ஆண்டே, 2008இல், லியூ செங் தட் எடுத்த 'ஃபிளவர் இன் த பாக்கெட்' அதே விருதைப் பெற்றது. இருவரும் மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். வேறு இரண்டு இயக்குநர்களோடு சேர்ந்து 2005இல் 'டா ஹுவாங் பிக்சர்ஸ்' என்ற சிறிய நிறுவனத்தைத் தொடங்கியவர்கள். ஒருவர் படத்தில் மற்றவர் வேலை செய்வது, இருக்கிற கருவியைப் பகிர்ந்துகொள்வது என்று வளர்ந்த கூட்டம் அது.

டான் சுய் முய் பிறந்த ஊர் எது தெரியுமா? குவாந்தான் பக்கத்தில் சுங்கை உலார் என்ற மீனவக் கிராமம். ஜெராமின் படகுத் துறையையும் கடலுணவுக் கடைகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கிராமத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அவர் படத்தின் கதையும் பெரியதல்ல. பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து, அத்தையின் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண், தனக்குக் கெடுதல் செய்யப்போகிறவன் என்று தெரிந்தும் ஒருவனை நம்பிப் போகிறாள். லியூ செங் தட்டின் படத்தில் வேலையே கதியென்று கிடக்கும் அப்பாவின் கவனிப்பில்லாமல் திரியும் இரண்டு சிறுவர்கள். துப்பாக்கியும் கிடையாது, நீதிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் வசனமும் கிடையாது.

இனி தமிழுக்கு வருவோம். 2021ஆம் ஆண்டில் ரோட்டர்டாம் விழா தன் ஐம்பதாவது ஆண்டுப் பதிப்பை நடத்தியது. பெருந்தொற்றுக் காலம் என்பதால் விழா இணையத்துக்கு மாறியிருந்தது. அந்த ஆண்டின் டைகர் விருதும் 40,000 யூரோ பரிசுத்தொகையும் பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்' படத்துக்குக் கிடைத்தன. அந்த விருதை வென்ற முதல் தமிழ்ப்படம் அது. பின்னர் ஆஸ்கார் போட்டிக்கு இந்தியா அனுப்பிய படமும் அதுவே.

வினோத்ராஜ் மதுரை மாவட்டத்துக்காரர். பள்ளிப் படிப்பை இடையில் விட்டுத் திருப்பூர் ஆலையில் வேலைக்குப் போனவர். சினிமா ஆசையில் சென்னைக்கு வந்து டிவிடி கடையொன்றில் வேலை பார்த்தார். அந்தக் கடைதான் அவருக்குக் கல்லூரி. உலகப் படங்களை அங்கேதான் பார்த்தார். படத்தின் வித்து அவர் குடும்பத்திலேயே கிடைத்தது. கணவன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட அவருடைய அக்கா கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாராம். அந்த நடையை ஒரு ஆண் நடந்தால் எப்படியிருக்கும் என்று தம்பி யோசித்தார். அந்த யோசனைதான் படம்.

குடிகாரக் கணவன் ஒருவன், கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டி வர, வகுப்பில் இருந்த மகனை இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். போகும்போது பேருந்து. திரும்பும்போது பேருந்துக் காசை மகன் கிழித்துப் போட்டுவிடுகிறான். வேறு வழியில்லை, நடக்க வேண்டும். தகிக்கும் வெயில், வறண்ட பூமி, முன்னால் மகன், பின்னால் அப்பா. படம் 75 நிமிடம்தான். தாகத்தைத் தாங்க அந்தச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்கு வந்து அந்தக் கல்லை அவன் எங்கே வைக்கிறான் என்பதை நான் சொல்ல மாட்டேன், பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த ஒரு காட்சியில் ஒரு குடும்பத்தின் பல வருட வரலாறு இருக்கிறது. அதை விளக்க ஒரு சொல்கூடச் செலவழிக்கவில்லை.

இதைக் கவனியுங்கள். வெளிநாட்டு நடுவர்களுக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கீழே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளைப் படித்துத்தான் படம் பார்க்கிறார்கள். எதுகை மோனையோடு எழுதிய பஞ்ச் வசனமெல்லாம் அந்த வரிகளில் ஆவியாகிவிடும். மிஞ்சுவது முகம், இடம், ஓசை, நடந்துகொள்ளும் விதம். எந்த இடத்தில் எடுத்தாரோ அந்த இடத்தை இயக்குநர் உண்மையாகவே அறிந்தவரா இல்லையா என்பது அங்கே பளிச்சென்று தெரிந்துவிடும். விருது வாங்கிய படங்கள் பெரும்பாலும் சிறிய ஊர்களை, எடுத்தவருக்கு அத்துப்படியான ஊர்களை, மையமாகக் கொண்டிருப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

நான் கல்லூரி மாணவர்களின் குறும்படப் போட்டி ஒன்றில் நடுவராக உட்கார்ந்தேன். காப்பாரிலும் கோலசிலாங்கூரிலும் வளர்ந்த பிள்ளைகள் எடுத்த படங்கள். ஆனால் திரையில் எல்லாரும் வடசென்னைத் தமிழ் பேசினார்கள். ஒருவர்கூட 'லா' போட்டு ஒரு வாக்கியத்தை முடிக்கவில்லை. பாசார் மாலாம் இல்லை, தவுக்கே கடை இல்லை, மோட்டாரில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இல்லை. அடியாள் கூட்டம் ஒன்று, அரிவாள் ஒன்று, மெதுவாக நடந்து வரும் கதாநாயகன் ஒருவர். ஒளிப்பதிவு அருமை, இசை அருமை. எனக்குத்தான் அந்த ஊர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. திறமை இல்லாத பிள்ளைகள் அல்லர் அவர்கள். தங்கள் வீட்டு வாசலில் இருப்பது கதைக்கு உதவாது என்று யாரோ அவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள்.

உதவும் என்று காட்டியவர்கள் நம் நாட்டிலேயே உண்டு. தீபக் குமாரன் மேனன் 2005இல் 'செம்மண் சாலை' எடுத்தார். 1960களின் ரப்பர்த் தோட்டம், பல்கலைக்கழகம் போக ஆசைப்படும் ஒரு பெண், அவள் குடும்பம். வெளிநாட்டு விழாக்களைச் சுற்றி வந்த மலேசியத் தமிழ்ப்படம் அது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 டிசம்பரில், சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்' திரைக்கு வந்தது. 'ஜாஹாட்' என்ற மலாய்ச் சொல் நம் வாயில் பட்டு ஜகாட் ஆன கதை உங்களுக்கே தெரியும். 1990களின் தொடக்கத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒண்டிய ஒரு குடும்பத்தின் பன்னிரண்டு வயதுப் பையன் அதில் நாயகன். அப்பாவுக்குப் பையன் படித்து மேலே வர வேண்டும். பையனின் கண்ணுக்குக் குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பாதான் வீரனாகத் தெரிகிறார். அரிவாளும் கும்பலும் இந்தப் படத்திலும் இருக்கின்றன. ஆனால் அவை எங்கிருந்து வந்தன, தோட்டம் துண்டாடப்பட்டபோது யார் எங்கே தூக்கி எறியப்பட்டார்கள் என்பதும் கூடவே இருக்கிறது. என் கணக்கில் மலேசியத் தமிழில் இதுவரை வந்த படங்களில் முதலிடம் இதற்குத்தான்.

அந்தப் படம் விருது வாங்கிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் இல்லாத படங்கள் சிறந்த படத்துக்கான பிரதானப் போட்டியில் சேராமல் தனிப் பிரிவில் ஒதுக்கப்பட்டன. மலேசிய மண்ணில், மலேசியர்கள், மலேசியர்களைப் பற்றி எடுத்த படம் மொழியால் வேறாகிவிடுமா என்று கேள்வி எழுந்தது. கேட்டவர்கள் தமிழர்கள் மட்டுமல்லர், மலாய்த் திரைக்கலைஞர்களும் எதிர்த்தார்கள். ஏற்பாடு திருத்தப்பட்டது. சிறந்த மலேசியத் திரைப்படத்துக்கான விருதை 'ஜகாட்' வென்றது.

இது நமக்கு மட்டும் நேர்ந்த கதை என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் சன்டேன்ஸ் விழா சுயாதீனப் படங்களுக்கு அந்த நாட்டிலேயே பெரிய மேடை. 2020இல் அங்கே அமெரிக்கக் கதைப்படப் பிரிவின் நடுவர் பெருவிருதையும் பார்வையாளர் விருதையும் சேர்த்தே வென்றது 'மினாரி'. லீ ஐசக் சுங் தன் சிறுவயது நினைவுகளை வைத்து எடுத்த படம். ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு துண்டு நிலத்தில் காய்கறி பயிரிட்டுப் பிழைக்கப் பார்க்கும் கொரியக் குடும்பம், தாயகத்திலிருந்து வந்து சேரும் பாட்டி. பாட்டியாக நடித்த யூன் யோ ஜோங் ஆஸ்கார் வாங்கினார். ஆனால் கோல்டன் குளோப் விருதுக்காரர்கள் இதை 'அந்நிய மொழிப்படம்' என்ற பிரிவில்தான் வைத்தார்கள். வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் இல்லையாம். அமெரிக்க மண்ணில் அமெரிக்கர் எடுத்த படம்! கடல் கடந்து வந்து நிலத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்த நாட்டிலும் இந்தக் கேள்வி காத்திருக்கிறது போலும்.

ஒரு மறுப்பை இங்கே சந்தித்தாக வேண்டும். 'நம் வறுமையைப் படம் பிடித்து வெள்ளைக்காரனுக்கு விற்கிறார்கள், அவன் பரிதாபப்பட்டு விருது கொடுக்கிறான்' என்று பெரியவர்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தள்ளிவிடக்கூடிய பேச்சு அல்ல இது. அப்படி எடுக்கப்படும் படங்களும் உண்டு. தோட்டத்தை அழவைத்தால் விருது நிச்சயம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நாளை நம்மிடையேயும் வரலாம். ஆனால் 'கூழாங்கல்' பார்த்தவர்கள் சொல்லட்டும், அந்தச் சிறுவன் நம்மிடம் பரிதாபம் கேட்கிறானா? அப்பாவின் முதுகில் கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பிச் சுடவைக்கும் பையன் அவன். 'ஜகாட்' பையனும் அப்படித்தான். இருவருமே குறும்புக்காரர்கள், தோற்கப் பிறந்தவர்கள் அல்லர். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்றால், எடுத்தவர் அந்தத் தெருவிலிருந்து வந்தவர் என்பதிலிருந்து வருகிறது.

வேறு ஆள் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே பழைய சான்று ஒன்று இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் தாத்தாக்கள் சொல்லும் இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் பக்கம் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரே தமிழ். 1917ஆம் ஆண்டில் இந்த நாட்டில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நடப்பட்டது அங்கேதான். நட்டவர் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். கோலசிலாங்கூரில் ரப்பர்த் தோட்டம் நடத்தியவர். அவர் பிற்பாடு ஒரு நாவல் எழுதினார். பெயர் 'மலேசி', அதாவது மலாயா. 1930ஆம் ஆண்டில் பிரெஞ்சு இலக்கியத்தின் மிகப் பெரிய கௌரவமான கொன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. ஆக, நம் மாவட்டத்துத் தோட்ட வாழ்க்கைக்கு ஐரோப்பாவின் பெரும் பரிசு கிடைத்து ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது! நல்ல நாவல் என்றே சொல்கிறார்கள், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் கதையின் நடுவில் நிற்பவர்கள் பங்களாவில் இருந்த ஐரோப்பியர்கள். வெள்ளாப்பில் பெரட்டுக்கு நின்ற தமிழர்கள் ஓரத்தில் வந்து போகிறார்கள். பங்களா ஜன்னலிலிருந்து பார்த்தால் லயம் அப்படித்தான் தெரியும். லயத்து வாசலிலிருந்து பங்களா எப்படித் தெரிந்தது என்பதை நம் வட்டாரத்திலிருந்து யாரும் இன்னும் படமாக எடுக்கவில்லை.

அதற்கு நாள் நிறைய இல்லை. ஜெராம் பக்கத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம் ஆகிறது. லயங்கள் பல இடங்களில் இல்லை. இருக்கிற செம்பனை நிலமும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கைமாறி வருகிறது. குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இன்று வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களின் கதையும் நம் பழைய கதைதான், அதையும் யாராவது எடுக்க வேண்டும். கோயில் மட்டும் நிற்கிறது. பால் வெட்டிய கை இன்னும் மடங்காமல் இருக்கும் பாட்டிமார்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எஸ்பிஎம் முடித்த பிள்ளை சினிமா படிக்கிறேன் என்றால் வீட்டில் மூன்று நாளைக்குச் சாப்பாடு இறங்காது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது இப்போது முறையான படிப்பு. கோலாலம்பூரில் அஸ்வாரா கலைக்கழகத்தில் திரைப்படத் துறை இருக்கிறது, மல்டிமீடியா பல்கலைக்கழகத்தில் திரைக்கலைப் புலம் இருக்கிறது. படத்தொகுப்பும் ஒலிப்பதிவும் தெரிந்தவருக்குத் தொலைக்காட்சியிலும் விளம்பரத்திலும் வேலை உண்டு. அது வேண்டாம், பொறியியல்தான் படிக்கப் போகிறேன் என்கிற பிள்ளையும் சனிக்கிழமைகளில் படம் எடுக்கலாம்.

விருதுக்குப் பின்னால் பணம் கொட்டும் என்றும் நான் ஆசை காட்ட மாட்டேன். 'கூழாங்கல்' 2021இல் விருது பெற்றும் பொதுமக்கள் கண்ணுக்கு வர 2023 அக்டோபர் ஆனது, அதுவும் திரையரங்கில் அல்ல, இணையத் தளத்தில். வினோத்ராஜின் அடுத்த படம் 'கொட்டுக்காளி' 2024இல் பெர்லின் விழாவுக்குப் போய்விட்டுத் திரையரங்குக்கு வந்தபோது, இதில் பாட்டு எங்கே, சண்டை எங்கே என்று கேட்டவர்கள் நிறையப் பேர். ஜெராமில் திரையரங்கு இல்லை. படம் பார்க்க நாங்கள் கிள்ளானுக்குத்தான் போகிறோம். அங்கேயும் இத்தகைய படங்கள் வந்தால் ஒரு வாரம் தங்குமா என்பது சந்தேகம். ஆகவே இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகங்களிடமும் பல்கலைக்கழக இந்திய மாணவர் சங்கங்களிடமும் நான் கேட்பது இதுதான்: ஆண்டுக்கு ஒரு முறையாவது முறையான அனுமதி பெற்று 'ஜகாட்', 'கூழாங்கல்', 'மினாரி' மூன்றையும் போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும் அரைமணி நேரம் பேசுங்கள். பட்டிமன்றத்துக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதி போதும்.

எடுக்க நினைக்கிறவர்கள் முதலிலேயே கதை எழுத உட்கார வேண்டாம். வரும் பள்ளி விடுமுறையில் உங்கள் பாட்டியிடமோ பக்கத்து வீட்டுப் பாட்டியிடமோ போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சம்பள நாளன்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன நடக்கும்? கணக்கப்பிள்ளை எங்கே உட்காருவார், யாருக்குக் கடன் பிடிப்பார்கள், கள்ளுக்கடைக்குப் போகும் தாத்தாவை மறிக்க யாரை அனுப்புவார்கள், அன்றைக்குப் பிள்ளைகளுக்கு என்ன வாங்கித் தருவார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். குறுக்கே பேசாமல் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். போகும்போது மின்னேற்றியையும் எடுத்துக்கொள்ளுங்கள், நம் பாட்டிமார்கள் சுருக்கமாகப் பேசிப் பழகியவர்கள் அல்லர்.